ஜன்னலடியில் நின்று சாப்பிடுவது

12, மில் பேங்க் தெரு,
ஹெப்பிள்ஷா, யார்க்‌ஷர்.
7 அக்டோபர் 2003

மதிப்பிற்குரிய திருமதி ஆக்ராய்ட் அவர்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, டீக்குத் தண்ணீர்கூட வைக்காமல், உங்கள் கடிதத்தை மூன்றாம் தடவையாகப் படித்ததுதான். உறைமேல் "மேசை எண் ஏழு என்னும் கோழைக்கு" என்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தீர்கள். ஆசிரியர் அதன்மேலேயே என் விலாசத்தை எழுதித் தபாலில் போட்டுவிட்டார். தபால்காரர் பார்த்த பார்வையிலேயே அவரும் படித்துவிட்டார் என்று தெரிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஜூடித் மெல்லர். வயது நாற்பத்து நான்கு. பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இரண்டு வருடமாக, 'பள்ளத்தாக்குச் செய்தி'யில் 'மேசை எண் ஏழு' என்ற புனைபெயரில், இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த பேக்கன் சாண்ட்விச் எது என்று தேடி எழுதிவருகிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. உங்களுடையது ஐம்பத்தெட்டாவது. எங்கே போனாலும் ஒரே ஆர்டர்: வெள்ளை பன், வெண்ணெய், மூன்று துண்டு பேக்கன் இறைச்சி, பழுப்பு சாஸ். நான் யார் என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. போட்ட மதிப்பெண்ணைத் திருத்துவதும் இல்லை.

உங்களுக்குப் பத்துக்கு நான்கு போட்டேன். "பேக்கன் நல்ல பேக்கன்தான், பன் நனைந்த துணி" என்று எழுதினேன். என் நாக்கு சொன்னதை எழுதினேன்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முகட்டுச் சாலையில் லாரிகள் ஒதுங்கும் இடத்தில் இருபத்தொரு வருடமாக நிற்கும் உங்கள் சாப்பாட்டு வண்டி இனியும் நிற்கலாமா என்று நவம்பர் 20ஆம் தேதி கவுன்சில் முடிவு செய்யப்போகிறது. கவுன்சிலர் பிக்கர்ஸ்கில் என் பத்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்ப்பவரிடமெல்லாம் காட்டுகிறார். இது எனக்குத் தெரியாது. ஒரு பன்னைப் பற்றித்தான் எழுதினேன். ஒரு வண்டியை விரட்டுவதற்காக எழுதவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. நான் சாப்பிட்ட விதமே தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

இப்படிக்கு,
ஜூடித் மெல்லர்


நீல வண்டி, முகட்டுச் சாலை
10 அக்டோபர்

டீச்சரம்மா,

சொந்தப் பேரைச் சொன்னதுக்கு நன்றி. கோழைன்னு எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன். மீதி இருக்கட்டும்.

நீங்க சாப்பிட்டதை நான் பார்க்கல. அதான் விஷயமே. ஆகஸ்ட்ல ஒரு வியாழக்கிழமை. பச்சை கார், மழைக்கோட்டு. "டீ வேணுமா"ன்னேன். "வேண்டாம்"னீங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட டீ வேண்டாம்னு சொன்னவங்க ரெண்டே பேரு. இன்னொருத்தர் பாதிரியார், அவருக்கு வயித்துவலி. நீங்க ஏன் வேண்டாம்னீங்கன்னு எனக்குத் தெரியும். நான் டீயை பீங்கான் கோப்பையிலதான் குடுப்பேன். கோப்பையைத் திருப்பித் தரணும்னா நின்னு குடிச்சாகணும்.

"இங்கயே சாப்பிடு கண்ணு, சூடு போயிடும்"னேன். "நேரமில்ல, கட்டிக் குடுங்க"ன்னீங்க. அலுமினியத் தாள்ல சுத்திக் குடுத்தேன். அரை மணி கழிச்சு கென் லாரியில வந்து எறங்கினான். "பெரில், அணைக்கட்டுப் பக்கம் ஒரு பச்சை கார் நிக்குது. கண்ணாடியெல்லாம் ஆவி. உள்ள ஒரு அம்மா உன் சாண்ட்விச்சைத் தின்னுக்கிட்டு நோட்ல எழுதுது. சுகாதாரத் துறையா இருக்குமோ?"ன்னான்.

அணைக்கட்டு மூணு மைல். சூடான பேக்கனைத் தாள்ல சுத்தி மூணு மைல் கொண்டுபோனா பன் வேர்க்காம என்ன செய்யும்? குளிப்பாட்டினது நீங்க, நனைஞ்சதுக்கு மார்க்கு எனக்கா?

நேரமில்லாதவங்களுக்கு அணைக்கட்டுல அரை மணி நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. கென் கேக்கறான்.

அப்புறம், என் வண்டில மேசையே கிடையாது. ஏழுக்கு எங்க போறது?

பெரில் ஆக்ராய்ட்


ஹெப்பிள்ஷா
19 அக்டோபர் 2003

அன்புள்ள திருமதி ஆக்ராய்ட்,

நேற்று என் சமையலறையில் ஒரு சோதனை செய்தேன். ஒரே பேக்கன், ஒரே ரொட்டிக்கடைப் பன், ஒரே வெண்ணெய். இரண்டு சாண்ட்விச். ஒன்றை உடனே கடித்தேன். இன்னொன்றை அலுமினியத் தாளில் சுற்றிப் பன்னிரண்டு நிமிடம் வைத்துப் பிரித்தேன். முதலாவதுக்கு எட்டு. இரண்டாவதுக்கு நான்கு. அதே நான்கு. நனைந்த துணி.

நீராவி குளிர்ந்தால் நீராகும் என்பதை வருடந்தோறும் முப்பது பெண்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். மடியில் வைத்திருந்த பொட்டலத்துக்குள் அதுவே நடந்ததை நினைக்கவில்லை. நினைத்தால், ஏன் காருக்குள் சாப்பிட்டேன் என்றும் நினைக்க வேண்டியிருந்திருக்கும்.

கென்னின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் கிரஹாம் விலகிப் போனார். அதற்குச் சில வாரம் முன்பு ஒரு ஹோட்டலில், எதிரே உட்கார்ந்துகொண்டு, "நீ சாப்பிடறதைப் பார்த்தா பரிதாபமா இருக்கு, விடைத்தாள் திருத்தற மாதிரி" என்றார். அவர் போன பிறகும் அந்த வாக்கியம் வீட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு தனியாக வெளியே சாப்பிடக் கூச்சம். நோட்டுப் புத்தகம் எடுத்துப்போனால் ஏதோ வேலையாக வந்ததுபோல் இருக்கும் என்று கண்டுபிடித்தேன். அப்படித்தான் இந்தப் பத்தி பிறந்தது. முதல் கடையில் நான் உட்கார்ந்தது ஏழாம் எண் மேசை. கோட்டு மாட்டும் கம்பத்துக்குப் பின்னால் இருந்தது. அதன் பிறகு ஐம்பத்தேழாவது கடை வரைக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் சுவர் இல்லை. அதனால் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இவ்வளவையும் முன்பின் அறியாத ஒருவருக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கோழை என்று யாரும் என்னை இவ்வளவு சரியாக அழைத்ததில்லை என்பதாலோ என்னவோ.

சனிக்கிழமை வரட்டுமா?

அன்புடன்,
ஜூடித் மெல்லர்


(அஞ்சலட்டை)
21 அக்டோபர்

ஜூடித் கண்ணு,

சனிக்கிழமை எட்டு மணி. வந்ததும் கார் சாவியை என்கிட்ட குடுத்துடு. சாப்பிட்டு முடிச்சப்புறம் திருப்பித் தரேன். கிரஹாமுக்கு நான் சமைச்சுப் போட்டதில்ல. அது அந்தாளோட நல்ல நேரம்.

பெரில்


ஹெப்பிள்ஷா
26 அக்டோபர் 2003

அன்புள்ள பெரில்,

நீங்கள் வண்டி ஜன்னலுக்கு உள்ளே இருந்தீர்கள். வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

சாவியை வாங்கி சாஸ் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தீர்கள் அல்லவா, அப்போது நான் சுற்றிலும் இருந்தவர்களை எண்ணினேன். வெளியே ஐந்து பேர். மோட்டார் சைக்கிள் தம்பதி, ஆட்டு லாரிக்காரர், கென், நான். நீங்கள் பன்னின் மேல்பாதியைக் கல்லில் இருந்த கொழுப்பில் ஒற்றி எடுத்ததைப் பார்த்தேன். போன தடவை நான் காரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. எண்ணெய்த்தாளில் வைத்து நீட்டினீர்கள். நோட்டை எடுக்கப் பையில் கை விட்டேன்.

"அம்மணி, அதை ரெண்டு கையாலயும் பிடிக்கணும்" என்றார் கென். "ஒரு கையில பேனா வெச்சா சாஸ் முழங்கைக்கு வந்துடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு சட்டை போயிருக்கு. ஏழாவதை இன்னிக்குப் போட்டிருக்கேன், பாருங்க."

மோட்டார் சைக்கிள்காரி சிரித்தாள். "இவங்கதான் நாலு போட்டவங்களா?"

"இவங்கதான்" என்றார் கென்.

"ஐயோ பாவம், குளுந்து போனதைத் தின்னிருக்காங்க" என்றாள். என்னைத்தான் பாவம் என்றாள், ஆனால் கிரஹாம் சொன்ன மாதிரி இல்லை. சாப்பாட்டைத் தவறவிட்டவளைப் பார்த்து இரங்குகிற பாவம் அது.

நோட்டைப் பைக்குள் விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, உப்பு, அதன்பின் வெண்ணெய், அதன்பின் சாஸின் புளிப்பு. காற்று மழையை என் கழுத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. சாஸ் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. ஆட்டு லாரிக்காரர் தன் கைக்குட்டையை நீட்டினார். அதில் ஆட்டு வாடை அடித்தது. வாங்கித் துடைத்துக்கொண்டேன். டீயும் குடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மதிப்பெண் போடவே மறந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஐம்பத்தெட்டில் ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை.

இனி வருத்தமான செய்தி. மறுப்பு வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டேன். முடியாது என்கிறார். ஒருவருக்குத் திருத்தினால் ஐம்பத்தேழு கடைக்காரர்களும் வாசலில் வந்து நிற்பார்களாம். ஆகவே கவுன்சிலில் நானே பேசலாம் என்றிருக்கிறேன். பொதுமக்களுக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள். பெயரையும் விலாசத்தையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

அன்புடன்,
ஜூடித்


நீல வண்டி
1 நவம்பர்

ஜூடித்,

பேசாதே. உன் பேரு வெளிய வந்துட்டா அப்புறம் எந்தக் கடையில நீ மறைஞ்சு சாப்பிடுவே? போற இடத்துலெல்லாம் ரெண்டு துண்டு கூட வெச்சு இளிப்பாங்க. உன் தேடல் அத்தோட முடிஞ்சுது. எனக்காக அதை விட வேண்டாம்.

உண்மையைச் சொல்லிடறேன். நீ ஜெயிச்சுக் குடுத்தாலும் எத்தனை நாளைக்குன்னு தெரியல. என் வலது முட்டி போயிடுச்சு. மார்ச் ரெண்டாம் தேதி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில கூப்பிட்டிருக்காங்க. ஆறு வாரம் நிக்கக் கூடாதாம். கவுன்சில் விதி என்ன தெரியுமா, சேர்ந்தாப்புல இருபத்தெட்டு நாள் வண்டி திறக்கலன்னா இடம் போயிடும். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாச்சு. மூணாவது தடவையும் தள்ளிடுவேன். நொண்டிக்கிட்டே பேக்கன் பொரிக்கலாம். இடமே இல்லாம எங்க போய்ப் பொரிக்கறது?

20ஆம் தேதி நான் அங்க வரல. வந்தா பிக்கர்ஸ்கில்லை ஏதாவது சொல்லிடுவேன்னு கென் பயப்படறான்.

பெரில்


ஹெப்பிள்ஷா
20 நவம்பர் 2003

அன்புள்ள பெரில்,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. மன்னியுங்கள்.

கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு, பள்ளியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். பதினொரு கவுன்சிலர்கள், ஒரு தலைவி, குமாஸ்தா. பிக்கர்ஸ்கில் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, என் பத்தியை வாய்விட்டுப் படித்தார். நன்றாகவே படித்தார். 'நனைந்த துணி' வந்தபோது சபையில் சிரித்தார்கள். நானே எழுதிய கிண்டல், பெரில். அந்தச் சிரிப்பை எதிரில் உட்கார்ந்து கேட்டபோது அது எப்படிப்பட்டது என்று தெரிந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "இப்போது படிக்கப்பட்டதை எழுதியவள் நான்" என்றேன்.

பிக்கர்ஸ்கில் திரும்பிப் பார்த்தார். "நீங்களா மேசை எண் ஏழு? அப்போ நமக்குள்ள கருத்து வேறுபாடே இல்லையே."

"இருக்குங்க. நான் எழுதினது தப்பு."

"பொய்ன்னு சொல்றீங்களா?"

"பொய் இல்ல. சூடா சாப்பிட வேண்டியதைத் தாள்ல சுத்தி மூணு மைல் எடுத்துட்டுப் போய், மூடின கார்ல உட்கார்ந்து சாப்பிட்டேன். அதோட பலனுக்கு இன்னொருத்தர் பேரைப் போட்டேன். என் மாணவி யாராவது இப்படிச் சோதனை செஞ்சிருந்தா நான் நாலு கூடப் போட்டிருக்க மாட்டேன்."

"ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோனீங்க?" என்று தலைவி கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தனியா சாப்பிடறதை யாரும் பார்த்துடக் கூடாதுன்னு" என்றேன்.

இந்த ஊரில் இப்படி ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு கவுன்சிலர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு அம்மாள் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

என் மூன்று நிமிடத்தில் இருபது வினாடி மிச்சம் இருந்தது. "ஒரு வீட்டுக்கு ஜன்னல் வைக்கறதுன்னாகூட நீங்க நேரில் போய்ப் பார்த்துத்தானே முடிவு செய்யறீங்க? இதையும் போய்ப் பாருங்க. என் எழுத்தை நம்ப வேண்டாம்" என்றேன்.

எட்டுக்கு மூன்று என்ற ஓட்டில், நேரில் வருவதாக முடிவாயிற்று. அடுத்த வியாழன் காலை ஒன்பதரை. அன்று மதியமே ஓட்டெடுப்பு. எனக்குப் பள்ளி இருக்கிறது, இன்னொரு விடுப்பு கிடைக்காது, வர முடியாது. பன் நிறைய வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
ஜூடித்


நீல வண்டி
27 நவம்பர்

என் கண்ணு ஜூடித்,

ஜெயிச்சாச்சு. ஒன்பதுக்கு ரெண்டு. மூணு வருஷத்துக்கு இடம் நம்மளது. கைல இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

சின்ன பஸ்ல வந்து எறங்கினாங்க, எல்லாரும் ஒரே மாதிரி ரப்பர் ஷூ. சாரல். இலவசமா வாங்கினா லஞ்சமாயிடுமாம், ஆளாளுக்குத் தனித்தனியா காசு குடுத்தாங்க. வரிசை சாலை வரைக்கும். நான் ஒருத்தர்கிட்டயும் கெஞ்சல. "சிவப்பு சாஸா, பழுப்பா?" அவ்வளவுதான் பேசினேன்.

பிக்கர்ஸ்கில் கடைசி. "எனக்குக் கட்டிக் குடுங்க, பஸ்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கறேன்"னாரு.

"கட்டித் தர மாட்டேன்"னேன்.

"ஏன்?"

"அப்படி எடுத்துட்டுப் போனவங்க நாலு போட்டாங்க. இப்ப அவங்களே வந்து தப்புன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் அந்தக் கஷ்டம் எதுக்கு?"

வரிசையே சிரிச்சுது. தலைவியம்மா டீயை மூக்கு வழியா விட்டுட்டாங்க. மனுஷன் நின்னாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. சாஸ் சட்டைக் கைக்குள்ள போச்சு. கென் பக்கத்துல போய், "துடைக்காதீங்கய்யா, முதல்ல முடிங்க"ன்னான். முடிச்சாரு. தாளை மடிச்சுக் குப்பைத்தொட்டில போட்டுட்டு, இன்னொண்ணுன்னு ஒரு விரலைக் காட்டினாரு.

அப்படியும் மதியம் எதிர்த்துதான் ஓட்டுப் போட்டாராம். வயிறு ஒத்துக்கிட்டாலும் வாய் ஒத்துக்காத ஜென்மம். ஆனா இன்னிக்குச் சாயங்காலம் வீட்டம்மாவோட வந்து நின்னாரு. நானும் ஒண்ணும் கேக்கல.

உனக்கு இங்க ஒரு கோப்பை மாட்டியாச்சு. கென் லாரிக்கு அடிக்கற சிவப்புப் பெயின்ட்ல 7 போட்டிருக்கான். கோணல் ஏழு. மேசை இல்லன்னா என்ன, கொக்கி இருக்கு.

முட்டியைப் பத்திக் கேக்காதே. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதில் எழுதல. கிறிஸ்துமஸுக்குள்ள எழுதிடுவேன். என்ன எழுதுவேன்னு உனக்கே தெரியும்.

உன்,
பெரில்


ஹெப்பிள்ஷா
13 டிசம்பர் 2003

அன்புள்ள பெரில்,

என் கடைசிப் பத்தி நேற்று அச்சாகிவிட்டது. ஊரே கேட்டதால் ஆசிரியரும் இறங்கி வந்தார். கீழே முதன்முறையாக ஜூடித் மெல்லர் என்று போட்டிருக்கிறார்கள். மாவட்டத்தின் மிகச் சிறந்த சாண்ட்விச் எது என்று எழுதிவிட்டேன். எத்தனை மதிப்பெண் என்று எழுதவில்லை. "அங்கேயே நின்று சாப்பிடவும்" என்று மட்டும் சேர்த்தேன். மேசை எண் ஏழு இத்துடன் முடிந்தது. நீங்கள் பயந்ததுபோல் அதற்காக நான் துக்கப்படவில்லை. அவள் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டாள், பிறகு அவளுக்கு என்ன வேலை?

நேற்று மதியம் ஊர் நடுவில் இருக்கும் காபிக் கடைக்குப் போனேன். சாலையைப் பார்த்த ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்து சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன். நோட்டு இல்லை. பள்ளிப் பெண்கள் மூவர் வெளியிலிருந்து கையசைத்தார்கள். ஸ்பூனை வைத்துவிட்டு நானும் கையசைத்தேன்.

இனி முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரிக்கு எழுதப்போகும் கடிதத்தில் மார்ச் இரண்டாம் தேதி வருகிறேன் என்று எழுதுங்கள்.

கவுன்சில் விதியைக் குமாஸ்தாவிடம் வாங்கிப் படித்தேன். சேர்ந்தாற்போல் இருபத்தெட்டு நாள் மூடியிருந்தால்தான் இடம் போகும். வாரத்தில் ஒரு நாள் திறந்தாலும் போதும். மார்ச்சில் நான்கு சனிக்கிழமைகள். ஏப்ரலில் எங்களுக்கு ஈஸ்டர் விடுமுறை இரண்டு வாரம். அந்தச் சனிக்கிழமைகளிலும் அந்த இரண்டு வாரமும் ஜன்னலுக்கு உள்ளே நான் நிற்பேன்.

உணவு கையாள்பவர்களுக்கான சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் நிற்க முடியாது. ஜனவரியில் அதற்குப் பரீட்சை. விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன், இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் உறைக்குள் இருக்கிறது. இருபது வருடமாகக் கேள்வித்தாள் தயாரித்தவள் இனி ஒரு பரீட்சை எழுதப்போகிறாள். ஜனவரி முதல் ஞாயிறுகளில் வந்து உங்களிடம் கற்றுக்கொள்கிறேன். பன்னைக் கொழுப்பில் எவ்வளவு நேரம் ஒற்றுவது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. முதல் வாரம் கருக்கிவிடுவேன். கென்னின் எட்டாவது சட்டையும் போகும். யாராவது எனக்கு நான்கு போட்டால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் காருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போடக் கூடாது.

தலைமையாசிரியைக்குத் தெரியாது. என் தங்கைக்குத் தெரியாது. கென்னுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி, அதனால் அவருக்கும் வேண்டாம். இந்தத் தாளைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மழை விடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குப் போகிறேன்.

உங்கள்,
ஜூடித்